லேடாங் மலை எழுந்ததா, மீந்ததா?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தங்காக் நெருங்கும்போது, செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் தனியாக நிற்கும் குனோங் லேடாங்கைப் பார்த்திருப்பீர்கள். உயரம் 1,276 மீட்டர். ஜொகூரிலேயே உயர்ந்த மலை. இது எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்டால், "எரிமலை, டீச்சர்!" என்ற பதில்தான் முதலில் வரும்.

எரிமலை அல்ல. இம்மலையின் கல் கிரானைட். அதன் படிகங்கள் கண்ணுக்கே தெரியும். பாறைக்குழம்பு நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் மெதுவாக ஆறினால்தான் படிகம் அவ்வளவு பெரிதாகும். எரிமலை கக்கும் குழம்பு வெளியே வந்ததும் சட்டென்று இறுகிவிடும்.

ஆழத்தில் பிறந்த கல் வெளியே தெரிகிறதென்றால், அதை மூடியிருந்தவை எங்கே?

ஒரு தட்டில் கூழாங்கல்லை வைத்து, மேலே மணலைக் குவித்து, பூவாளியால் நீர் ஊற்றுங்கள். மணல் கரைந்தோடும், கல் மேலே தெரியும். கல் அசையவே இல்லை! நிலமும் மெல்ல உயர்ந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் சமவெளி நடுவே மலையைத் தனித்து நிறுத்தியது அரிப்புதான். மழைநீரில் கரைந்த கரியமில வாயு அதைச் சற்று அமிலமாக்குகிறது. அந்நீர் விரிசல் வழியே நுழைந்து, கிரானைட்டிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தைக் களிமண்ணாக்கும். விரிசல் மிகுந்த பாறையும் மென்பாறையும் முதலில் போகும். விரிசல் குறைந்த பாறை நிற்கும்.

இவ்வகை மலைக்கு ஜெர்மன் மொழியில் 'இன்செல்பெர்க்', அதாவது தீவுமலை என்று பெயர். மதுரை யானைமலையும் ஆஸ்திரேலியாவின் உலுருவும் இக்கூட்டம்தான். உலுரு மட்டும் மணற்பாறை.

உயிரினங்களுக்கும் இது தீவுதான். 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து வந்து லேடாங்கில் ஏறினார். பாடாங் பத்து என்ற பாறைவெளியில் தாகமெடுக்க, குடுவைச் செடிகளில் பூச்சிகளோடு தேங்கியிருந்த நீரைக் குடித்தார். (நீங்கள் முயல வேண்டாம்.) விரல்களை விரித்ததுபோல் இலைவிடும் மட்டோனியா பெக்டினாட்டா என்ற பெரணியையும் இம்மலையில் கண்டார்.

இப்போது ஒரு கணக்கு. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஆக, உச்சி அடிவாரத்தைவிட ஏறக்குறைய 8 டிகிரி குளிர்ச்சி. வெப்பநிலை 2 டிகிரி கூடினால், பழைய குளிர்ச்சிக்காகச் செடிகள் 300 மீட்டர் மேலே போக வேண்டும். உச்சியில் இருக்கும் செடிக்கு அந்த 300 மீட்டர் கிடையாது. தித்திவங்சா மலைத்தொடருக்குப் போகலாமென்றால், நடுவே வெப்பமான சமவெளி.