சிவிறியைப் பேணும் முறை

குழாயின்வழி நீரை வீசும் கருவியைச் சிவிறி எனப் பழந்தமிழர் வழங்கினர். அவர் அதனைப் புனலாட்டுக்குக் கொண்டனர். நம் காலத்தார் தொழிலுக்குக் கொண்டனர். எம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு மருந்து தெளிப்பதும் சுவருக்கும் கதவுக்கும் பெயிண்ட் அடிப்பதும் இன்று அவ்வினக் கருவியாலும் நிகழ்கின்றன. தெளிப்பான் எனவும் ஸ்பிரேயர் எனவும் பெயர்பெற்ற அதனைத் தூய்மை செய்யும் முறையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

இதனை யாம் ஏட்டிற் கற்றிலேம், பிழையிற் கற்றோம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எம் இல்லக் கதவுகளுக்கு எனாமல் அடிக்க, அண்டை வீட்டுத் தாத்தாவிடம் மின்சாரத் தெளிப்பான் ஒன்றை இரவல் பெற்றோம். வேலை முடிந்த மாலை, கீதம் பாடுவோருடன் செல்லும் ஆவலால், காலையிற் கழுவலாம் என அதனைத் திண்ணையில் வைத்துச் சென்றோம். காலையில் நாசில் கல்லாய் அடைத்திருந்தது. ஊசியாற் குத்தினோம், துளை அகன்றது. பின்னர்ப் பனிபோற் படியவேண்டிய பெயிண்ட் துளிதுளியாய்ச் சொட்டியது. தாத்தா எம்மைக் கடிந்திலர். “சரி தம்பி, பொங்கலுக்கு நான் பிரஷ்ஷாலேயே அடித்துக்கொள்கிறேன்” என்றார். அம்மொழி கடிதலினும் எம்மை வருத்திற்று.

அடைப்பின் காரணத்தை முதற்கண் அறிதல் வேண்டும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனில் நீர் வற்றுங்கால், அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஏடாகும். ஒட்டியபின் அவை மீண்டும் நீரிற் கரையா. எனாமலோ காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி இறுகும். அதனைக் கழுவ நீர் உதவாது, டர்பன்டைன் போன்ற கரைப்பானே வேண்டும். இருவகையையும் ஈரம் உலருமுன்னரே கழுவுதல் இன்றியமையாதது.

கழுவும் முறையாவது: கலத்தில் எஞ்சிய பெயிண்டை டப்பாவில் திரும்ப ஊற்றுக. எமல்ஷனாயின் கலத்தில் நல்ல நீரை நிரப்பி, தெளிந்த நீர் வரும்வரை ஒரு வாளியிற் பீய்ச்சுக. எனாமலாயின் கருவியின் குறிப்பேடு இசையும் கரைப்பானையே, திறந்த வெளியில், தீ அணுகாதவாறு கையாள்க. பின்னர் மின்னிணைப்பை நீக்கி, உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றி, கலம், உறிஞ்சு குழாய், வடிகட்டி, நாசில் ஆகியவற்றைக் கழற்றுக. அவற்றைச் சிறிது நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க. கம்பியும் ஊசியும் கொள்ளற்க, வாயால் ஊதற்க. மோட்டாரை நீரில் அமிழ்த்தாமல் துணியால் துடைக்க. யாவும் உலர்ந்தபின், குறிப்பேடு கூறும் இடங்களில் சிறிது வாசலின் தடவிப் பூட்டுக. மறுமுறை பெயிண்டை மெல்லிய துணியில் வடிகட்டியே ஊற்றுக.

இரண்டு எச்சரிக்கைகள் உள. எனாமல் தோய்ந்த துணிகளைச் சுருட்டி வைத்தால், இறுகுங்கால் எழும் வெப்பம் உள்ளே தங்கித் தானே தீப்பற்றுதலும் உண்டு. ஆதலின் வெளியே விரித்து உலர்த்துக. காற்றின்றி மிகுந்த அழுத்தத்தாற் பீய்ச்சும் பெருந்தெளிப்பானின் முன் விரலை நீட்டற்க. அதன் தாரை தோலைத் துளைத்து உட்புகும். புண் சிறிதெனத் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

திராட்சைத் தோட்டத்திலும் இம்முறையே பொருந்தும். 1885-இல் பிரான்சு நாட்டு அறிஞர் மிலார்தே வெளியிட்ட போர்டோக் கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. வடிகட்டாத சுண்ணாம்பு நாசிலை அடைக்கும். கழுவாது விட்ட மயில்துத்தம் இரும்பை அரிக்கும். இவற்றினும் கொடியது களைக்கொல்லியின் எச்சம். 2,4-டி என்னும் களைக்கொல்லி தெளித்த கருவியில் மிகச் சிறிதளவு எஞ்சினும் திராட்சை இலை சுருங்கிக் கொடி கெடும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எம் பன்னீர்த் திராட்சைக்கு ஒரு கழுவாத கலமே பகையாகலாம். ஆகவே களைக்குத் தனிக் கருவியும் கொடிக்குத் தனிக் கருவியும் வைத்தல் நன்று.

கழுவிய நீரை வாய்க்காலில் விடற்க. 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீர் எம் வயல்களை நனைத்து, வைகையிற் கலந்து, மதுரை மக்கள் பருகும் நீரும் ஆகின்றது. கரைப்பானை மூடிய டப்பாவில் நிறுத்தி வைத்தால் வண்டல் அடியிற் படியும். மேல்நின்ற தெளிவை மீண்டும் கழுவப் பயன்படுத்தலாம்.

விடுமுறை முடியுமுன் யாம் மதுரையில் புது நாசில் ஒன்று வாங்கிப் பூட்டி, கருவி முழுவதையும் கழுவி உலர்த்தித் தாத்தாவிடம் சேர்த்தோம். அவர் அதனைக் கழற்றி, நாசிலை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, “அடுத்த கிறிஸ்துமஸுக்கும் வந்து வாங்கிக்கொள், தம்பி” என்றார். இரவற் கருவியைக் கழுவிக் கொடுத்தல் சிறுசெயலே. ஆயினும் அண்டையார் நம்மீது கொண்ட நம்பிக்கை அச்சிறுசெயலில் நிலைபெறுகின்றது என்பதனை யாம் அன்று உணர்ந்தோம்.