சிவப்பு மையில் வந்த திருத்தம்

அன்புத் தம்பிக்கு,



உன் கடிதமும் கூடவே அனுப்பிய இரண்டு படங்களும் கிடைத்தன. ஒன்று, நீ தங்க மையில் எழுதிச் சட்டம் போட்டு இன்ஸ்டாகிராமில் ஏற்றிய பிஸ்மில்லாஹ். மற்றது, உன் உஸ்தாத் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிய பயிற்சித் தாள். முதல் படத்தைப் பற்றித்தான் நான் பேசுவேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டாவதைத்தான்.

மாதக்கணக்காக அதே ஒரு வரியையே எழுதச் சொல்கிறார், கூடவே ஆரம்பித்த பையன்களெல்லாம் ஆர்டர் எடுத்துச் சம்பாதிக்கிறார்கள், வேறு உஸ்தாதைத் தேடிப் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போக வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன்னைப் போலவே கலத்தை, அதாவது எழுத்தணிப் பேனாவை, கையில் எடுத்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன்.

நீ எழுதிக்கொண்டிருக்கும் அந்த வரி, காரியத்தை லேசாக்கித் தா, நல்லபடியாக முடித்துத் தா என்று ரப்பிடம் கேட்கிற சின்ன துஆ. இஸ்தான்புல்லில் தலைமுறை தலைமுறையாக எழுத்தணி மாணவனின் முதல் பாடம் இதுதான். தனி எழுத்துகளுக்கே பிறகுதான் போவார்கள். அந்த ஒரு வரியில் ‘ரா’ ஐந்து இடத்தில் வருகிறது. அடுத்த எழுத்தைப் பொறுத்து அதன் வளைவு மாறும். ‘ஸீன்’ எழுத்தின் பற்கள், ‘யா’, ‘ஐன்’, ‘லாம் அலிஃப்’ எல்லாம் அதிலேயே வந்துவிடும். மாதக்கணக்கில் அந்த வரியிலேயே நின்றவர்கள் பலர். பின்னாளில் பெயர் பெற்றவர்களும் அவர்களில் உண்டு.

உன் தாளை மறுபடி எடுத்துப் பார். கடைசி ‘ரா’வின் வால் சீக்கிரம் மேலே ஏறிவிட்டது. உஸ்தாத் அதன் அடியில் பேனா முனையால் சாய்சதுரப் புள்ளிகள் வைத்து, வால் எத்தனை புள்ளி தூரம் இறங்க வேண்டும் என்று காட்டியிருக்கிறார். இந்தக் கலையில் வேறு அளவுகோல் கிடையாது. எழுதுகிற கலத்தின் முனை போடும் புள்ளிதான் அளவு. ஸுலுஸ் எழுத்து வகையில் அலிஃப் ஏறக்குறைய ஏழு புள்ளி உயரம். பக்கத்தில் அதே எழுத்தைத் தன் கையால் சரியாக எழுதியும் காட்டியிருக்கிறார். உன் ஒவ்வொரு பிழைக்கும் அந்த மனிதர் ஒருமுறை மை தொட்டிருக்கிறார். இதற்கெல்லாம் உன்னிடம் காசு வாங்குவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். இஸ்தான்புல்லின் பெரிய ஆசான் ஹசன் செலபியும் பாடத்துக்குக் கட்டணம் வாங்கியதில்லை. கல்விக்கும் ஜகாத் உண்டு, சொல்லிக் கொடுப்பதுதான் அந்த ஜகாத் என்பது அங்கே வழிவழியாக வரும் பழக்கம். அமெரிக்காவில் இருந்த முஹம்மது ஸகரியா தபாலிலேயே தாள்களை அனுப்பித் திருத்தம் பெற்று, 1988இல் ஹசன் செலபியிடம் இஜாஸா, அதாவது கையொப்பமிட ஆசான் தரும் அனுமதி, வாங்கினார். உன் தாள் வாட்ஸ்அப்பில் போய் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிவப்பு மையைப் பார்த்ததும் மனம் சுருங்கியது என்று எழுதியிருந்தாய். அந்தச் சுருக்கத்தைக் கொஞ்சம் கவனி. பெருமை எங்கே இருக்கிறது என்று அதுதான் உனக்குக் காட்டும்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. உள்ளத்தில் அணுவளவு பெருமை இருப்பவனின் நிலையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, ஒருவர் பதறிப்போய், நல்ல உடுப்பும் நல்ல செருப்பும் போட்டுக்கொள்ள ஒருவன் ஆசைப்படுகிறானே, அதுவுமா பெருமை என்று கேட்டார். இல்லை என்றார்கள் நாயகம். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன். உண்மை வரும்போது அதைத் தள்ளிவிடுவதும் மனிதர்களை மட்டமாகப் பார்ப்பதும்தான் பெருமை என்று விளக்கினார்கள்.

நம் தொழிலுக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது இந்த ஹதீஸ். உன் தங்க மையில் குற்றமில்லை. நல்ல தாள் வாங்கி, முட்டை வெள்ளைக்கரு பூசி, வழவழவென்று தேய்த்து எழுது. அதில் பெருமை வந்துவிடாது. ‘ரா’ தப்பு என்று ஒருவர் சொல்லும்போது ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று உள்ளே ஒரு குரல் எழுகிறதே, அங்கேதான் அது நுழைகிறது. இன்னொரு பையனின் எழுத்தைக் குழுவில் போட்டு, கிறுக்கல் என்று சிரிக்கும்போதும் நுழைகிறது. ஒன்று உண்மையைத் தள்ளுவது, மற்றது மனிதனைத் தாழ்த்துவது. பணிவு உனக்கு இருக்கிறதா என்று பார்க்க இந்த இரண்டு இடங்களையும் பார்த்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டு நடப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கையொப்பத்தை வைத்தும் சொல்ல முடியாது. பழைய ஆசான்கள் தங்கள் பெயருக்கு முன்னால் ஏழை, பாவி, பலவீனன் என்று போட்டுக்கொள்வார்கள். இன்னாரின் மாணவன் என்றும் சேர்ப்பார்கள். அழகான வழக்கம்தான். ஆனால் அந்தச் சொற்களை எழுதுவது எவருக்கும் கஷ்டமில்லை. அவற்றை எழுதிய கையோடு, கண்காட்சி அழைப்பிதழில் தன் பெயர் இரண்டாவதாக வந்துவிட்டது என்று சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

உஸ்தாதிடம் அதபு என்றால் கைகட்டி நிற்பது மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை உனக்குத் தெரியும். வஹியை எழுதியவர், குர்ஆனை ஏட்டில் தொகுத்தவர், நம் வேலைக்கு மூத்தவர். அவர் வாகனத்தில் ஏறும்போது, நபியின் சிறிய தந்தை மகனான இப்னு அப்பாஸ் (ரலி) அங்கவடியைப் பிடித்துக்கொண்டார். ஸைத் கூச்சப்பட்டு, விடுங்கள் என்றார். ஆலிம்களிடம் இப்படி நடக்கத்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்றார் இப்னு அப்பாஸ். உடனே ஸைத் அவர் கையை வாங்கி முத்தமிட்டு, நபிகளாரின் குடும்பத்தாரிடம் இப்படி நடக்கும்படி எங்களுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது என்றார். யார் யாருக்குப் பணிந்தார் என்று பிரிக்க முடியாத இடம் அது.

அமாஸ்யாவில் ஆளுநராக இருந்த இளவரசர் பாயஸீத், ஷேக் ஹம்துல்லாஹ்விடம் எழுத்துப் பழகினார். 1481இல் சுல்தானானதும் ஆசானை இஸ்தான்புல்லுக்கு அழைத்துக்கொண்டார். ஆசான் எழுத உட்காரும்போது முதுகுக்குத் திண்டு எடுத்து வைத்து, மைக்கூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சுல்தான் பக்கத்தில் இருப்பார் என்று வரலாற்றில் சொல்லிவருகிறார்கள். மாணவனின் பணிவுக்கு இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது ஆசானின் பணிவைச் சொல்லும் கதை. ஹாஃபிஸ் உஸ்மான் (1642–1698) சுல்தான் இரண்டாம் முஸ்தஃபாவுக்கே ஆசான். நாயகத்தின் தோற்றத்தை வர்ணிக்கும் ஹில்யாவுக்கு இன்று நாம் பார்க்கும் வடிவத்தைக் கொடுத்தவர். வாரத்தில் ஒரு நாளை வசதியுள்ள மாணவர்களுக்கும், இன்னொரு நாளை ஏழைப் பிள்ளைகளுக்கும் என்று ஒதுக்கியிருந்தார். ஒருமுறை பாடத்துக்கு வர முடியாமல் போன ஒரு பையன் தாளோடு வழியில் எதிர்ப்பட்டபோது, அங்கேயே தெருவோரத்தில் உட்கார்ந்து அவன் தாளைத் திருத்திக் கொடுத்தாராம். அரண்மனை வாசல் திறந்திருக்கும் ஒரு மனிதர் தெரு மண்ணில் உட்காருகிறார்! நீ ஒருநாள் உஸ்தாதாக ஆவாய், இன்ஷா அல்லாஹ். அன்றைக்கு இதை நினைத்துக்கொள்.

இப்போது நீ கேட்காமல் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கூட ஆரம்பித்தவர்கள் சம்பாதிக்கிறார்கள் என்ற ஏக்கம்.

பாக்தாதின் இப்னுல் பவ்வாப் 1022இல் இறந்தவர். அவர் கையால் எழுதிய குர்ஆன் பிரதி, ஹிஜ்ரி 391இல் முடித்தது, இன்றும் டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. அவர் ஷீராஸில் புவைஹித் மன்னர் பஹாஉத் தவ்லாவின் நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, முந்தைய தலைமுறையின் மாமேதை இப்னு முக்லா எழுதிய குர்ஆனின் முப்பது ஜுஸ்உகளில் இருபத்தொன்பது கிடைத்தன. ஒன்றைக் காணோம். அதை நான் எழுதுகிறேன், எது நான் எழுதியது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் எனக்கு ஓர் அங்கியும் நூறு தீனாரும் தர வேண்டும் என்றார் அவர். மன்னர் ஒப்புக்கொண்டார். இப்னுல் பவ்வாப் பழைய தாளைப் போன்ற தாளைத் தேடியெடுத்து, அதே கையில் எழுதி, பழைய அட்டைக்குள் கட்டி வைத்தார். மன்னர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் சொன்ன பரிசும் வந்தபாடில்லை.

நாள் போனது. ஒருநாள் இப்னுல் பவ்வாப் மன்னரிடம், நூலகத்தில் எழுதாமல் கிடக்கும் சீனத் தாள்களின் வெட்டுத்துண்டுகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மன்னர் சரி என்றார். அந்தத் துண்டுகளில் அவர் வருஷக்கணக்கில் எழுதினார்.

அவர் கூலி கேட்காதவரல்ல என்பதைப் பார், தம்பி. முதலிலேயே அங்கியும் நூறு தீனாரும் பேசினார். நியாயமான கூலி கேட்பதை மார்க்கம் தடுக்கவில்லை. கனாஅத், அதாவது போதுமென்ற மனம், என்றால் ஓசியில் எழுதிக் கொடுப்பது என்று உனக்கு யாராவது சொன்னால் நம்பாதே. வராத தீனாரை நினைத்துக் கசந்துபோய் அவர் கலத்தைக் கீழே வைக்கவில்லை என்பதுதான் விஷயம். கைக்கு எட்டியது எதுவோ அதைக் கேட்டு வாங்கி வேலையைத் தொடர்ந்தார். செல்வம் என்பது பொருளின் பெருக்கத்தில் இல்லை, மனம் நிறைந்திருப்பதில் இருக்கிறது என்று நாயகம் சொன்னது இப்படிப்பட்ட மனிதர்களிடம்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

இதில் ஒரு குழப்பம் இளைஞர்களிடம் அடிக்கடி வருகிறது. உன் கடிதத்திலும் அது இருக்கிறது. உன் பிஸ்மில்லாஹ்வில் ‘ஸீன்’ நீண்டு தொங்குகிறது, ‘மீம்’ கண் அடைபட்டுப்போயிருக்கிறது. ஆனாலும் அது உனக்குப் போதும் என்று தோன்றியிருக்கிறது. அதற்குக் கிடைத்த லைக் மட்டும் போதவில்லை. திருப்தி இடம் மாறிப் போயிருக்கிறது. ரிஸ்கில், பேரில், அடுத்தவனுக்குக் கிடைத்ததில் உன்னைவிடக் குறைவாக இருப்பவனைப் பார், கிடைத்த நிஃமத் சிறிதாகத் தெரியாது என்பது நாயகத்தின் அறிவுரை. எழுத்தில் அப்படிப் பார்க்காதே. அங்கே மேலே பார். ஹாஃபிஸ் உஸ்மான், முஸ்தஃபா ராகிம் போன்ற ஆசான்களின் எழுத்துகளை அச்சிட்டு மேசைக்கு எதிரே ஒட்டி வை. உன் ‘மீம்’ எங்கே நிற்கிறது என்று தினமும் தெரியட்டும். சம்பாத்தியத்தில் மனநிறைவு, வேலையில் தீராத குறை. இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிறவன்தான் கலைஞனாக வளர்கிறான் என்பது என் உறுதியான எண்ணம்.

நிய்யத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அது உனக்கும் ரப்புக்கும் இடையில் உள்ளது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவர் கல்வியைக் கற்று, கற்றுக் கொடுத்து, குர்ஆனையும் ஓதியவர், ஆனால் பெயருக்காகச் செய்தவர் என்ற ஹதீஸ் நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பக்கத்தில் வருவது. இமாம் கஸ்ஸாலி 1095இல் பாக்தாத் நிஸாமிய்யாவில் உச்சத்தில் இருந்தபோது, தான் பாடம் சொல்வது புகழுக்காகத்தானோ என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பதவியை விட்டுக் கிளம்பினார். நீ எதையும் விட வேண்டியதில்லை. படம் ஏற்றுவதற்கு முன் அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டுக்கொள், அது போதும்.

சின்ன அதபுகள் சில, மறக்கும் முன். இறைவசனம் எழுதிக் கெட்டுப்போன தாளைக் குப்பையில் போடாதே. சேர்த்து வைத்து, மிதிபடாத இடத்தில் புதை. இன்னொருவர் அமைத்த கோர்வையைக் கம்ப்யூட்டரில் தடம் எடுத்து உன் பெயர் போடாதே. பழகுவதற்காகப் பார்த்து எழுதினால் யாரைப் பார்த்து எழுதினாய் என்று கீழே குறிப்பிடு. எழுதிக்கொண்டிருக்கும்போது உம்மா கூப்பிட்டால் எழுந்து போ. மை காய்ந்தால் மறுபடி தொட்டுக்கொள்ளலாம். நாயகம் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, வீட்டாரின் வேலையில் இருப்பார்கள் என்றுதான் ஆயிஷா (ரலி) சொன்னார்கள். தன் செருப்பைத் தானே தைத்துக்கொள்வார்கள் என்றும் வந்திருக்கிறது. பத்து வருஷம் பணிவிடை செய்த அனஸ் (ரலி) ஒருமுறைகூட ‘சீ’ என்ற சொல்லைக் கேட்டதில்லை. வெளியே பின்தொடர்பவர்களிடம் இனிமையாகவும் வீட்டில் சிடுசிடுப்பாகவும் இருக்கிறவனின் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதன் மேல் ஆசை வருவதில்லை.

கடைசியாக, உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகம் புது வாசலுக்கு எழுதித் தரக் கேட்கிறார்கள் என்றாயே, அதைப் பற்றி. இஜாஸா இல்லாமல் கையொப்பமிடுவது முறையல்ல. இன்ஸ்டாகிராமில் போட்ட பிஸ்மில்லாஹ்விலிருந்தும் உன் பெயரை எடுத்துவிடு, எழுத்து இருக்கட்டும். வாசல் வேலையை உஸ்தாதிடம் சொல். அவர் கோடு போட்டுக் கொடுத்தால் நீ எழுது. இப்போது வேண்டாம் என்றால் நிர்வாகத்திடம் அவர் பெயரையே சொல்லி அனுப்பு. கிரானைட்டில் செதுக்கப் போகிறார்கள் என்றால் எழுத்தை முழு அளவில், எட்டு அடியாக இருந்தாலும் எட்டு அடியிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். சிறிதாக எழுதிப் பெரிதாக்கினால் கலத்தின் விளிம்பு தெறித்ததெல்லாம் கல்லில் ஏறிவிடும். கூலியை முன்கூட்டியே பேசிவிடு, பாதியை முன்பணமாக வாங்கிக்கொள். கல் தச்சருக்கு எவ்வளவு தருகிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள். அவருக்குக் குறைத்து உனக்குக் கூட்டுவதாக இருந்தால் ஒத்துக்கொள்ளாதே.

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் என் ஸலாம். உன் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.

வஸ்ஸலாம்.