புதுசு புதுசா வருதேன்னு பதறாதே, தங்கச்சி!

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணி, "அக்கா, நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸையே இன்னும் முழுசா முடிக்கலை. அதுக்குள்ள டீம்ல எல்லாரும் வேற ஏதோ பேசறாங்க. நான் பின்தங்கிட்டேனா?"ன்னு கேட்டே. உன் குரல்ல இருந்த களைப்பைக் கேட்டு, போய்த் தூங்குன்னு மட்டும் சொல்லி வெச்சேன். பதிலை இப்போ ஆற அமர எழுதறேன். ஃப்ரன்ட்எண்ட் வேலைக்கு வந்து ரெண்டு மூணு வருஷம் ஆன எல்லாத் தங்கச்சி தம்பிகளுக்கும் இது பொருந்தும்.

முதல்ல என் கதை. 2015-ல நான் வேலைக்குச் சேர்ந்தப்போ எங்க ஆபீஸ்ல எல்லாமே ஆங்குலர்ஜேஎஸ்தான். ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து அதோட டைரக்டிவ், ஸ்கோப், டைஜஸ்ட் சைக்கிள் எல்லாத்தையும் கரைச்சுக் குடிச்சேன். 2016 செப்டம்பர்ல ஆங்குலர் 2 வந்தது. பேர் மட்டும்தான் பழசு, உள்ளே எல்லாம் வேற. நான் படிச்சதுல பெரும்பகுதி அதோட போச்சு. ரொம்ப நொந்துட்டேன். ஆனா ரியாக்ட்டுக்கு மாறினப்போ ஒரு விஷயம் தெரிஞ்சது. க்ளோஷர், ப்ராமிஸ், ஒரு கிளிக் உள்ளே இருக்கிற பட்டன்ல தொடங்கி எப்படி மேல மேல ஏறுது, பிரவுசர் ஒரு பக்கத்தை எப்படி வரையுது... இதுல எதுவுமே வீணாகலை. இன்னைக்கும் தினமும் அதைத்தான் பயன்படுத்தறேன்.

அதனால புதுசா ஏதாவது காதுல விழுந்தா முதல்ல ஒரே ஒரு கேள்வி கேளு: இது பிரவுசருக்குள்ள வர்றதா, இல்லை பிரவுசருக்கு மேல யாரோ கட்டின கருவியா? கருவி வரும், போகும். 'கிரியேட் ரியாக்ட் ஆப்' இல்லாம ஒரு காலத்துல யாரும் ரியாக்ட் பாடமே நடத்தலை. 2025 பிப்ரவரியில அதை ரியாக்ட் குழுவே கைவிட்டுட்டாங்க. பிரவுசருக்குள்ள வந்துட்ட விஷயம் அப்படி லேசில போகாது. 2018-ல நடந்ததைச் சொல்றேன். ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு புது மெத்தடுக்கு 'ஃப்ளாட்டன்'னு பேர் வைக்க இருந்தாங்க. ஃபயர்பாக்ஸோட சோதனைப் பதிப்புல போட்டுப் பார்த்தப்போ, மூடூல்ஸ்னு ஒரு பழைய லைப்ரரியை நம்பி ஓடிட்டிருந்த ஒரு தளம் உடைஞ்சுது, ஏன்னா மூடூல்ஸ் அதே பேரை முன்னாடியே எடுத்து வெச்சிருந்தது. பழைய தளத்தை உடைக்க மனசு வராம, புது மெத்தடோட பேரையே 'ஃப்ளாட்'னு மாத்திட்டாங்க. நீ இன்னைக்கு எழுதற ஃப்ளாட் அதுதான். இவ்வளவு ஜாக்கிரதையா பார்த்துக்கிற இடத்துல உன் நேரத்தைப் போடு.

இன்னொண்ணு, பிரவுசர் பக்கம் நீ பயப்படற வேகமே இல்லை. சிஎஸ்எஸ்ல 'ஹேஸ்' செலக்டர் சஃபாரியில 2022 மார்ச்சுல வந்தது, குரோம்ல அதே வருஷம் ஆகஸ்ட்ல, ஃபயர்பாக்ஸ்ல 2023 டிசம்பர்ல. தேதி, நேரத்தையெல்லாம் ஒழுங்கா கையாள வந்த டெம்போரல், ஜாவாஸ்கிரிப்ட்ல எது சேரணும்னு தீர்மானிக்கிற டிசி39 குழுவோட மூணாம் கட்டத்துக்கு 2021-லயே வந்துடுச்சு. அது ஃபயர்பாக்ஸ்ல கைக்குக் கிடைச்சது 2025 மே மாசம். ஒரு வாரம் நீ கவனிக்கலைன்னா ஒண்ணும் ஓடிப் போயிடாது.

எதை எப்போ கத்துக்கறதுன்னு கேட்டியே, அதுக்கு நான் நம்பறது பேஸ்லைன் குறியை. எம்டிஎன் பக்கத்துல பெரும்பாலான அம்சங்களைத் திறந்தா மேல ஒரு சின்னப் பட்டை இருக்கும். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எல்லாத்துலயும் வந்துட்டா 'புதுசா கிடைக்குது'ன்னு போடுவாங்க. அதுலேருந்து 30 மாசம் கழிச்சு 'பரவலா கிடைக்குது'ன்னு ஆகும். நான் சொன்ன ஹேஸ் செலக்டருக்குக் கணக்குப் போட்டா 2026 ஜூன் வருது. பரவலா கிடைக்கிறதை யோசிக்காம வேலையில போடு. புதுசா கிடைக்கிறதை வீட்டுல போட்டுப் பாரு, ஆபீஸ்ல போடறதுக்கு முன்னாடி உங்க தளத்துக்கு எந்த பிரவுசர்ல ஆளுங்க வர்றாங்கன்னு கேட்டுக்கோ. ஒரே பிரவுசர்ல மட்டும் இருக்கா? பேரைத் தெரிஞ்சு வெச்சுக்கோ, போதும். ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் இதே மாதிரிதான், டிசி39-ல நாலாம் கட்டத்துக்கு வந்ததை உட்கார்ந்து படி, மூணாம் கட்டத்துல இருக்கிறதை ஒரு பார்வை பாரு, அதுக்குக் கீழே இருக்கிறது உனக்கு இப்போ வேண்டாம்.

படிக்கிறதுக்கு வாரத்துல ஒரு நேரம் வெச்சுக்கோ. எனக்கு சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம். 'ஜாவாஸ்கிரிப்ட் வீக்லி', 'ஃப்ரன்ட்எண்ட் ஃபோகஸ்' ரெண்டும் வாரத்துக்கு ஒருதரம் மெயில்ல வரும். தலைப்புகளை மட்டும் ஓட்டிப் பார்த்து, ரெண்டைத் தேர்ந்தெடுத்து முழுசா படிப்பேன். மத்ததை அழிச்சுடுவேன். அப்புறம் படிக்கலாம்னு சேர்த்து வைக்கிற பழக்கத்தை விட்டுடு. அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும், படிக்கவும் மாட்டே. தினமும் ட்விட்டர்ல, யூடியூப்ல "ரியாக்ட் செத்துப் போச்சு"ன்னு போடறவங்களைப் பார்த்துட்டுத் தூங்கப் போகாதே. 2013-ல வெளியில வந்த ரியாக்ட் இன்னும் பல பேருக்குச் சோறு போட்டுட்டு இருக்கு. முக்கியமா, உங்க ப்ராஜெக்ட்ல என்ன லைப்ரரி இருக்கோ அதோட ரிலீஸ் நோட்ஸைப் படி. டீம்ல யாரும் படிக்க மாட்டாங்க. நீ படிச்சா உன் பேச்சுக்கு மதிப்பு வரும்.

படிக்கிறதைவிட முக்கியம், கையால செஞ்சு பார்க்கிறது. போன மாசம் நான் செஞ்சதைச் சொல்றேன். எங்க பழைய ப்ராஜெக்ட்ல "நிச்சயமா நீக்கணுமா?"ன்னு கேக்கிற ஒரு பாப்அப் பெட்டி. அதுக்கு மட்டும் ஒரு லைப்ரரி, அதுக்கு மேல நாங்க எழுதின கோட் வேற. எஸ்கேப் கீயை அமுக்கினா மூடணும், டேப் கீ பெட்டியைத் தாண்டிப் பின்னால இருக்கிற லிங்க்குக்குப் போகக் கூடாது, மூடினதும் ஃபோகஸ் பழைய பட்டனுக்குத் திரும்பணும்... இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு துண்டு. எல்லாத்தையும் எடுத்துட்டு ஹெச்டிஎம்எல்லோட டயலாக் டேக்கைப் போட்டு, 'ஷோமோடல்'னு கூப்பிட்டேன். எஸ்கேப், டேப், ஃபோகஸ் திரும்பறது எல்லாம் பிரவுசரே பார்த்துக்கிச்சு. 2022 மார்ச்சுலேருந்தே எல்லா பிரவுசர்லயும் இருக்கிற டேக் அது! பின்னால இருக்கிற பக்கம் ஸ்க்ரோல் ஆகிறது மட்டும் நிக்கலை. அதுக்குத்தான் ஹேஸ் கை கொடுத்தது. பாடிக்குள்ள திறந்த டயலாக் இருந்தா ஓவர்ஃப்ளோவை மறைச்சுடுன்னு சிஎஸ்எஸ்ல ஒரே விதி எழுதினேன், நின்னுடுச்சு. ஒரு மதியத்துல ரெண்டு புது விஷயம் விரலுக்குப் பழகிடுச்சு. கண் தெரியாதவங்க ஸ்கிரீன் ரீடரோட வந்தாலும் அந்தப் பெட்டி இப்போ ஒழுங்கா பேசுது. எனக்கு அதுதான் ரொம்ப சந்தோஷம்.

ஒண்ணுக்கு மட்டும் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதே: பாதுகாப்பு. 2025 டிசம்பர் 3-ஆம் தேதி ரியாக்ட் சர்வர் காம்பொனென்ட்ஸ்ல ஒரு பெரிய ஓட்டை இருக்கிறதை வெளியிட்டாங்க. லாகின்கூட இல்லாம வெளியாள் ஒருத்தர் உன் சர்வர்ல தன் கோடை ஓட்டலாம், அவ்வளவு மோசம். நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸும் அதுல மாட்டிச்சு. அந்த மாதிரி செய்தி வந்தா கையில இருக்கிற வேலையை வெச்சுட்டு வெர்ஷனை உயர்த்தணும். கிட்ஹப்ல டிபெண்டபாட் எச்சரிக்கையை இன்னைக்கே போட்டு வை, மெயில் வந்தா திறந்து பாரு.

ஏஐ எழுதித் தருதே, நான் எதுக்குப் படிக்கணும்னு உன் ஃப்ரெண்ட் சொன்னதாச் சொன்னே. நானும் தினமும் ஏஐகிட்ட கேக்கறேன். அந்தப் பாப்அப்புக்கும் கேட்டேன். பழைய லைப்ரரியைத் திருத்தறதுக்குத்தான் வழி சொல்லிச்சு, டயலாக் டேக்னு ஒண்ணு இருக்கேன்னு நான் எடுத்துச் சொன்ன பிறகுதான் அதை எழுதிச்சு. என்ன கேக்கணும்னு தெரிஞ்சவளுக்கு அது நல்ல உதவியாள்.

புது ஃப்ரேம்வொர்க் எதையும் தொடவே கூடாதான்னா, தொடலாம். வருஷத்துக்கு ஒண்ணு போதும். ஸ்வெல்ட் எடுத்தியா, ஒரு வாரம் அதுல சின்னதா ஒண்ணு கட்டி முடி, "ரியாக்ட்ல கஷ்டப்பட்டது எது இங்கே சுலபமாச்சு?"ன்னு எழுதி வை. இன்டர்வியூல கேட்டா உனக்குன்னு ஒரு கருத்து இருக்கும்.

இந்த சனிக்கிழமை உங்க ப்ராஜெக்ட்ல இருக்கிற ஒரு பாப்அப்பை எடுத்து, தனிக் கிளையில டயலாக் டேக்குக்கு மாத்திப் பாரு. மௌஸைத் தொடாம கீபோர்டாலேயே திறந்து மூடு. எங்க சிக்கினாலும் மதியம் மூணு மணிக்கு மேல போன் பண்ணு, நான் வீட்டுலதான் இருப்பேன். ராத்திரி பத்தரைக்கு மட்டும் வேண்டாம், நீ தூங்கணும்.