நீதியரசர் ஜான்ஸ்டனும் 'கைக்கூலி' என்னும் சொல்லும்

'கைக்கூலி' என்றவுடன் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவது மணமகன் வீட்டார் கேட்டுப் பெறும் பணமே. இதே தமிழ்ச் சொல் இலங்கையின் முஸ்லிம் திருமணச் சட்டத்தில் வேறு பொருளில் இடம்பெற்றது. அந்நாட்டு முஸ்லிம் சட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் நூல்வடிவம் பெற்றதை ஆராய்வோர் சர் அலெக்சாந்தர் ஜான்ஸ்டனை (1775–1849) விட்டுவிட இயலாது.

ஸ்காத்லாந்துக் குடும்பத்தில் தோன்றிய ஜான்ஸ்டனின் இளமை மதுரையில் கழிந்தது. தந்தையார் அங்குக் கும்பினிப் பணியில் இருந்தார். தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் அவர் அக்காலத்தே கற்றவை. பின்னர் இங்கிலாந்தில் சட்டம் பயின்று இலங்கை சென்று, தலைமை நீதியரசராக உயர்ந்தார். 1811இல் உள்ளூர் மக்களும் ஜூரிகளாக அமரும் முறையைக் கொணர்ந்தார். அடிமைகளுக்கு 1816 ஆகஸ்டு 12 முதல் பிறக்கும் குழந்தைகள் உரிமையுடையோர் என அடிமை உடையோரையே இசையச் செய்தார். இவையெல்லாம் பலர் எழுதியவை. நாம் கருத வேண்டியது 1806ஆம் ஆண்டின் முகமதியச் சட்டத் தொகுப்பு.

டச்சுக்காரர் பத்தேவியாவிலிருந்து கொணர்ந்த தொகுப்பொன்றைக் கொழும்பு முஸ்லிம் பெரியோரிடம் காட்டித் திருத்தியே இஃது அமைக்கப்பட்டது. வாரிசுரிமையும் திருமணமும் இதன் பொருள். முதலில் கொழும்பு மாகாணத்துக்கு மட்டும் உரியதாயிருந்து, 1852இல் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஆங்கிலச் சட்டத்தின் ஏற்பைப் பெற்றதும் அதே 1806இல்தான்.

சமூகத்தாரைக் கேட்டுச் சட்டம் செய்தது பாராட்டத்தக்கது. ஆயினும் ஒரு குறையுண்டு. ஃபிக்ஹு நூல்கள் கடல் போன்றவை. அவற்றுள் ஓர் ஊரார் ஒரு காலத்தில் சொன்னதைச் சில பக்கங்களில் அடைத்துவிட்டால், வழக்கம் எது, ஷரீஅத் எது என்று பிரித்தறிவது பின்வரும் நீதிபதிக்கு அரிதாகும். கேட்கப்பட்ட பெரியோருள் பெண்கள் இருந்திருப்பார்களா என்பதும் எண்ணத்தக்கது.

திருமணம் பற்றிய பகுதியின் இடத்தைப் பிற்காலச் சட்டங்கள் பெற்றன. அவற்றுள் 1951ஆம் ஆண்டுச் சட்டம் 'கைக்கூலி' என்ற சொல்லை மொழிபெயர்க்காமல் ஆங்கில எழுத்திலேயே வைத்துப் பொருள் கூறியது: மணமகளின் பயனுக்காக, அவள் உறவினரோ பிறரோ மணமகனிடம் கொடுக்கும் அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும் பணமோ அசையும் பொருளோ கைக்கூலி. மஹர் வேறு, இது வேறு. கணவன் கையில் இருப்பினும் பொருள் மனைவியுடையதே. அவள் வழக்கிட்டு அதை மீட்கலாம்.

நம் ஊர்களில் கொடுத்த கைக்கூலியைத் திரும்பக் கேட்கச் சென்ற பெண்ணின் தந்தைக்குக் கிடைக்கும் மறுமொழியை நாம் அறிவோம்.