பட்டாபிராமுக்கு மூன்று நாள் கணக்கு

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால், சென்னைப் புறநகரான பட்டாபிராமில் இருப்பவர்களும் டிவியில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளம் விதைத்த பயம் அது. ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றுக்குப் போகிறது. நம் தெருவில் நிற்பதோ இங்கேயே பெய்து, வடிய வழியில்லாமல் தேங்கும் மழைநீர். அதைவிட நம்மை அதிகம் படுத்துவது கரண்ட் இல்லாமை. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. செல்போனும் செத்தது, பணமதிப்பிழப்பு நேரமாதலால் கையில் சில்லறையும் இல்லை. 2023-இல் மிக்ஜாம் புயல் கரையேறியது ஆந்திரத்தின் பாபட்லா அருகே. அப்படியிருந்தும் சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் நாள்கணக்கில் இருட்டு. பால் பாக்கெட்டுக்கு அலைச்சல். ஒன்று காற்று, மற்றது மழை. வீட்டுக்குள் விளைவு ஒன்றுதான். எனவே மூன்று நாள் வெளியுதவி இல்லாமல் வீட்டை ஓட்ட முடியுமா என்பதே இப்போது போட வேண்டிய கணக்கு.

"எங்கள் தெரு மேடு, தண்ணீர் வராது" என்பார்கள். வராமலே இருக்கட்டும். மின்தடை மேடு பள்ளம் பார்ப்பதில்லை. மோட்டார் ஓடாவிட்டால் சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் சொட்டு வராது. மழை எச்சரிக்கை வந்த அன்றே மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். சம்ப் மூடியை ஒருமுறை குனிந்து பாருங்கள்: மேலே மேலே ரோடு போட்டதில் பல வீடுகளில் அது தெருமட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். ஒரு செங்கல் உயரம் வரப்பு கட்ட கொத்தனாருக்கு அரைநாள் வேலை. கட்டாவிட்டால் சாக்கடை கலந்த தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடும்வரை அது குடிக்க உதவாது. இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.

"போனில் ஆர்டர் போட்டால் வந்துவிடுமே" என்பது அடுத்த வாதம். முழங்கால் தண்ணீரில் பைக் வராது. சிக்னல் இல்லாத போனில் ஆர்டரும் போகாது. வாங்கி வைப்பது பதுக்கலும் ஆகாது: அவல், ரவை, பால் பவுடர், இரண்டு கேன் குடிநீர் எல்லாம் எப்படியும் செலவாகிற பொருள்கள்தான். சிலிண்டரை முன்கூட்டியே புக் செய்யுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரையில் பத்து நாள் கையிருப்பு வேண்டும். ஃபிரிட்ஜ் நின்றால் இன்சுலினை உறையிலிட்டு, ஈர மண்பானைக்குள் வையுங்கள். பட்டா, ரேஷன் கார்டு, சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில் பரண்மேல் இருக்கட்டும். 2015-க்குப் பிறகு நகல் வாங்க அரசு சிறப்பு முகாமே நடத்த வேண்டியிருந்தது. தாழ்வான தெருக்காரர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு போதாது. அவர்கள் தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன் கிளம்பிவிட வேண்டும்.

பேரிடர் உதவி எண் 1077, ஆம்புலன்ஸ் எண் 108 இரண்டையும் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் ஏறினால் முதலில் அணைக்க வேண்டிய மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று சாயங்காலமே எல்லாருக்கும் காட்டி வையுங்கள்.