ஒரு பதக்கம், இரு பக்கங்கள்

மறுமலர்ச்சிக் காலப் பாடத்தை நான் ஒரு பதக்கத்தின் படத்தைக் காட்டித் தொடங்குகிறேன். 1438இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான், உதுமானியத் துருக்கியருக்கு எதிராக உதவி தேடி இத்தாலியின் ஃபெராரா நகருக்கு வந்தார். ஓவியர் பிசனெல்லோ அவரைப் பதக்கத்தில் வடித்தார். மெழுகில் உருவம் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றுவது அக்கால முறை. முன்பக்கத்தில் உயர்ந்த தொப்பியுடன் பக்கவாட்டு முகம்; பின்பக்கத்தில் குதிரைமீது அமர்ந்து வழியோரச் சிலுவையை வணங்கும் அரசர்.

“இதைக் கொடுத்துப் பொருள் வாங்கலாமா?” என்று கேட்பேன். முடியாது; இது நினைவுக்காகச் செய்யப்பட்டது. 1453இல் அவரது தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது. முகம் மட்டும் நிலைத்தது.

பிறகு வட்ட அட்டைகளைக் கொடுப்பேன். முன்பக்கம் தாம் மதிக்கும் ஒருவர். பின்பக்கம் அவர் செய்த ஒரே ஒரு செயல். எதை வரைவது, எதை விடுவது என்று மாணவர்கள் தடுமாறும்போது வரலாற்றுச் சான்று எப்படி உருவாகிறது என்பது அவர்களுக்கே புரிகிறது.