இதயம் காக்கும் நுண்குமிழி

புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்துகளுள் ஒன்று டாக்சோரூபிசின். செந்நிறமான இம்மருந்து, மண்வாழ் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து கிடைத்தது. இது புற்றுநோய்ச் செல்களை அழிக்கும். ஆனால், இதயத் தசையையும் நலிவுறச் செய்யும். நோய் நீங்கிச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரும் இதயம் தளரக்கூடும்.

இவ்விடரைக் குறைக்க அறிவியலார் ஒரு வழி கண்டனர். சோயாவிலிருந்து பெற்ற கொழுப்பினால் நுண்குமிழிகள் செய்து, அவற்றினுள் மருந்தை அடைத்தனர். குமிழியின் அளவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனலாம். இதயத்திலுள்ள இரத்தக் குழாய்களின் சுவர் நெருக்கமானது. குமிழி எளிதில் நுழையாது. புற்றுக்கட்டியின் குழாய்களோ இடைவெளி மிக்கவை. அங்கே குமிழி கசிந்து தங்கும். 1995ஆம் ஆண்டு இம்மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று இந்தியாவிலும் தயாராகிறது. இடர் குறைந்ததேயன்றி அற்றுப்போகவில்லை. ஆதலால், மருத்துவர் இதயத்தைச் சோதித்தவாறே மருந்து தருவர்.

நம் அடுக்களை மஞ்சளிலுள்ள குர்குமின் இதயத்தைக் காக்குமா என்றும் ஆராய்கின்றனர். அது நீரில் எளிதில் கரையாது. ஆகவே, நானோ துகளாக்கி எலிகளிடம் சோதிக்கின்றனர்.

மாணவர்களே! ஆய்விலிருப்பது மருந்தாகிவிடாது. சிகிச்சை பெறுவோர்க்கு மருத்துவரைக் கேளாமல் மூலிகை எதனையும் கொடுத்தல் ஆகாது.

சொற்பொருள்
நலிவு – மெலிவு. இடர் – துன்பம். அடுக்களை – சமையலறை

வினாக்கள்
1. டாக்சோரூபிசினால் விளையும் நன்மை, தீமை யாவை?
2. நுண்குமிழி கட்டியில் தங்குவது ஏன்?
3. பிரித்து எழுதுக: இவ்விடர், நுண்ணுயிரி.